ரோபோ உதவியுடன் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: நோயாளிகள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

முட்டி வலியோடு வருகிறவர்கள் இப்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்பது, "உங்களிடம் ரோபோ இருக்கிறதா டாக்டர்?" என்றுதான். வலி எங்கே, எத்தனை வருஷமாக என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். கேட்பது நல்லதுதான். தன் எலும்பை வெட்டப்போகிற கருவியைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் யாரும் மேஜையில் படுக்கக் கூடாது. மூட்டு மாற்று அறுவையைப் பழைய முறையில் கற்று, பல வருடம் அப்படியே செய்து, பிறகு ரோபோவுக்கு வந்தவன் நான். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, நேரில் சொல்வதைப் போலவே இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆபரேஷனை ரோபோவா செய்கிறது?

இல்லை. தோலைத் திறப்பது, மூட்டை விரித்துப் பார்ப்பது, தசைநார்களைக் காப்பது, தேய்ந்த பகுதியை எடுத்துவிட்டு உலோக மூட்டைப் பொருத்துவது, கடைசியில் தையல் போடுவது எல்லாமே சர்ஜனின் கைவேலை. ரோபோ உதவுவது இரண்டு இடங்களில். எங்கே, எத்தனை மில்லிமீட்டர், எந்தக் கோணத்தில் வெட்டுவது என்று திட்டம் போட உதவும். போட்ட திட்டத்தை விட்டு ரம்பம் விலகாமல் பிடித்துக்கொள்ளும். மொத்த அறுவையில் எலும்பு வெட்டும் நேரம் சில நிமிடங்கள்தான். ஆனால் மூட்டின் தலையெழுத்து அந்தச் சில நிமிடங்களில்தான் எழுதப்படுகிறது.

எல்லா ரோபோவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. 1992-ல் இடுப்பு மூட்டு மாற்றுக்காக முதன்முதலில் மனிதர்களிடம் பயன்படுத்தப்பட்ட ரோபோடாக், திட்டத்தை ஏற்றிவிட்டால் தானே எலும்பைக் குடைந்தது. சர்ஜன் பக்கத்தில் நின்று, தேவைப்பட்டால் நிறுத்துவார். பின்னால் அதே இயந்திரம் முழங்காலுக்கும் வந்தது. இன்று அதிகம் புழங்குபவை வேறு ரகம். மாகோ போன்றவற்றில் ரம்பம் ரோபோவின் கையில் இருக்கும், அந்தக் கையைச் சர்ஜன் பிடித்து நகர்த்துவார். குறித்த எல்லை வந்ததும், கண்ணுக்குத் தெரியாத சுவரில் மோதியதுபோல ரம்பம் நின்றுவிடும். ரோசா என்பது வெட்டு வழிகாட்டிச் சட்டத்தைச் சரியான இடத்தில் அசையாமல் பிடித்து நிற்கும், அதன் வழியே சர்ஜன் தன் கையால் அறுப்பார். கோரி கையடக்கமான கருவி. எல்லை தாண்டப் போனால் அதன் சுழலும் முனை அடங்கிவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பெரும்பாலும் ஒவ்வொரு ரோபோவும் அதைத் தயாரித்த கம்பெனியின் இம்பிளான்ட்டோடுதான் வேலை செய்யும். ஆகவே ரோபோவைத் தேர்ந்தெடுக்கும்போதே, உங்களுக்குள் பல வருடம் இருக்கப்போகிற மூட்டையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். அந்த மூட்டு எத்தனை வருடமாகப் பயன்பாட்டில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

பழைய முறையில் அப்படி என்ன குறை?

பெரிய குறை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த முறையில் லட்சக்கணக்கானவர்கள் வலியில்லாமல் நடக்கிறார்கள். 2019-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, முழு முழங்கால் மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 வருடம் தாக்குப்பிடிக்கின்றன என்று கணித்தது. அவை எல்லாம் ரோபோ பரவலாவதற்கு முன்பு வைத்த மூட்டுகள்.

ஆனாலும் ஊகத்துக்கு அங்கே கொஞ்சம் இடம் இருக்கிறது. தொடை எலும்பின் மஜ்ஜைக் குழாய்க்குள் ஒரு கம்பியைச் செலுத்தி, அந்தக் கம்பியை அடிப்படையாக வைத்து, பெரும்பாலும் 5 முதல் 7 டிகிரி சாய்த்து வெட்டுவோம். தொடை எலும்பு இயல்பான வளைவில் இருந்தால் கணக்கு சரியாக வரும். சற்று அதிகமாக வில் போல வளைந்திருந்தாலோ, பழைய எலும்பு முறிவு கோணலாகக் கூடியிருந்தாலோ, உள்ளே கம்பியும் தகடும் இருந்தாலோ கணக்கு தப்பும். மிச்சத்தைக் கண்ணும் கையும் சரிக்கட்ட வேண்டும். அனுபவசாலிகளின் கை பெரும்பாலும் சரிக்கட்டிவிடும், ஆனால் எல்லா நாளும் ஒரேபோல் அமையாது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் அக்ரோபாட் என்ற ரோபோவை வைத்துப் பகுதி மூட்டு மாற்றில் (முட்டியின் தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றுவது) ஒரு சிறிய ஒப்பீட்டு ஆய்வு நடந்து, 2006-ல் வெளியானது. ரோபோ உதவியோடு செய்த அத்தனை கால்களும் திட்டமிட்ட கோணத்திலிருந்து 2 டிகிரிக்குள் இருந்தன. வழக்கமான முறையில் அப்படி அமைந்தவை 40 சதவீதம்தான். நினைத்த இடத்தில் வெட்டு விழுவதில் ரோபோ கெட்டிக்காரன் என்பதில் அன்றிலிருந்து பெரிய சர்ச்சை இல்லை. அந்தத் துல்லியம் நோயாளிக்கு எவ்வளவு தூரம் பலன் தருகிறது என்பதில்தான் விவாதம் நடக்கிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

தியேட்டருக்குள் என்ன நடக்கும்?

மயக்க மருந்து கொடுத்து மூட்டைத் திறந்ததும், தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் இரண்டிரண்டு ஊசிக்கம்பிகளைத் திருகி, அவற்றின் மேல் டிராக்கர்களை மாட்டுவோம். பல கருவிகளில் இந்த டிராக்கரில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகள் இருக்கும். சற்றுத் தள்ளி நிற்கும் அகச்சிவப்புக் கேமரா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கால் அசைந்தால் திரையில் உள்ள எலும்பும் கூடவே அசையும். ஓர் உருண்டையின் மேல் ஒரு சொட்டு ரத்தம் தெறித்தால் போதும், கேமராவுக்குக் கால் காணாமல் போய்விடும். துடைத்த பிறகுதான் அடுத்த வேலை.

அடுத்து, காலைத் தூக்கி மெதுவாக வட்டமாகச் சுழற்றுவோம். தொடை எலும்பு எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சுழல்கிறதோ அதுதான் இடுப்பு மூட்டின் மையம் என்று கணினி கண்டுபிடித்துக்கொள்ளும். கணுக்காலின் இரண்டு பக்க எலும்பு முனைகளைக் கூர்முனைக் கருவியால் தொட்டுக் காட்டுவோம். பிறகு முட்டிக்குள் எலும்பின் மேற்பரப்பில் வரிசையாகப் பல புள்ளிகளைத் தொடுவோம். இந்தத் தொடுதலுக்குப் பதிவு என்று பெயர். நான் துளியும் அவசரப்படாத கட்டம் இது. பதிவு ஒரு மில்லிமீட்டர் பிசகினால், ரோபோ அந்தப் பிசகையும் அதே துல்லியத்தோடு வெட்டிவிடும்.

எனக்கு ரோபோவின் மேல் மரியாதை வந்தது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். எலும்பை வெட்டுவதற்கு முன்பே, காலை நீட்டியும் மடக்கியும், உள்பக்கமும் வெளிப்பக்கமும் லேசாகத் தள்ளிப் பார்த்தால், புதிய மூட்டு வைத்த பிறகு எங்கே இறுக்கம், எங்கே தளர்ச்சி என்று திரையில் எண்களாக வரும். வில்லாக வளைந்த ஒரு காலில், நீட்டிய நிலையில் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி உள்பக்கம் 16 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் 19 என்று காட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். 3 மில்லிமீட்டர் வித்தியாசம். பழைய நாளில் உள்பக்கத் தசைநாரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து இடைவெளியைச் சமப்படுத்துவோம். ஒருமுறை விடுவித்த நாரைப் பழையபடி ஒட்டவைக்க வழியில்லை. இப்போது திரையில் வெட்டுக் கோணத்தை 2 டிகிரி மாற்றிப் பார்க்கிறோம். வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் வந்துவிடுகிறது, நாரைத் தொடவே வேண்டியதில்லை. இத்தனைக்கும் அதுவரை ஒரு துளி எலும்பைக்கூட வெட்டியிருக்க மாட்டோம்.

கால் நேராக வேண்டும் என்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து கணுக்காலின் மையத்துக்கு ஒரு கோடு இழுத்தால், அது முட்டியின் நடுவே போக வேண்டும். பல பத்தாண்டுகளாக எல்லோருக்கும் இதுதான் இலக்கு. ஆனால் பிறவியிலேயே எல்லோருக்கும் அப்படி இருக்கிறதா? பெல்ஜியத்தில் முட்டி வலி இல்லாத 250 இளைஞர்களை அளந்து பார்த்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களில் 32 சதவீதத்தினருக்கும் பெண்களில் 17 சதவீதத்தினருக்கும் கால் இயல்பாகவே 3 டிகிரியோ அதற்கு மேலோ வெளிப்பக்கம் வளைந்திருந்தது. ஆயுள் முழுக்க லேசாக வளைந்த காலில் நடந்தவரை அறுபது வயதில் அளவுகோல் வைத்து நிமிர்த்தினால், அவருடைய தசைநார்கள் அதை அந்நியமாகத்தான் உணரும்.

அதனால் இப்போது, தேய்மானம் வருவதற்கு முன்பு அவருடைய கால் எப்படி இருந்திருக்குமோ அதை நெருங்கும்படி, பாதுகாப்பான எல்லைக்குள் திட்டமிடும் போக்கு வளர்ந்து வருகிறது. இது இன்னும் முடிவுக்கு வராத விவாதம். நல்ல சர்ஜன்களிடையேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. எந்தக் கோணம் உங்களுக்குச் சரி என்று ரோபோ முடிவு செய்வதில்லை. அதை முடிவு செய்கிறவர் சர்ஜன். "என் காலுக்கு எந்த அமைப்பைத் திட்டமிடுகிறீர்கள், ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலில் உங்களுக்கு நிறையப் புரிந்துவிடும்.

வலி குறையுமா? சீக்கிரம் நடக்கலாமா?

முதல் சில நாட்களில் வலியும் வீக்கமும் குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. மஜ்ஜைக் குழாய்க்குள் கம்பி போவதில்லை, ரம்பம் எல்லையைத் தாண்டிச் சதையைக் கிழிப்பதில்லை என்பதால் அது நம்பக்கூடியதே. ஆனால் அன்றே எழுந்து நடப்பது ரோபோவால் மட்டும் வந்த வசதி இல்லை. மயக்க மருந்து முறை, மூட்டைச் சுற்றிப் போடும் வலி நிவாரண ஊசி, பிசியோதெரபி எல்லாம் முன்னேறியிருக்கின்றன. வழக்கமான முறையில் செய்துகொண்டவர்களும் அதே நாளிலோ மறுநாளிலோ நடக்கிறார்கள்.

ஒரு வருடம் கழித்து?

இங்கே நான் மனதில் இருப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தியோடு இல்லை என்று 2010-ல் கனடாவிலிருந்து வந்த பெரிய ஆய்வு காட்டியது. இந்த ஐந்தாவது ஆளுக்காகத்தான் ரோபோவின் மேல் எங்களுக்கு இத்தனை எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பு நிறைவேறிவிட்டதாக இன்னும் அடித்துச் சொல்ல முடியாது.

தென்கொரியாவில் சுமார் 1,400 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ரோபோடாக் கொண்டும் மறு பிரிவுக்கு வழக்கமான முறையிலும் மூட்டு மாற்றினார்கள். பத்து வருடங்களுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்துவிட்டு, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். நடக்கும் திறனிலும், வலியிலும், மூட்டு தாக்குப்பிடிப்பதிலும் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அது பழைய தலைமுறை இயந்திரம், இப்போதுள்ள இடைவெளிக் கணக்கெல்லாம் அதில் கிடையாது என்று பதில் சொல்வார்கள். அது நியாயமான பதில்தான். ஆனால் புதிய தலைமுறைக் கருவி ஒன்று முழு முழங்கால் மாற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 2015-ல்தான். இருபது வருடக் கணக்கை யாரும் இப்போது காட்ட முடியாது. "ரோபோ மூட்டு முப்பது வருடம் வரும்" என்று யாராவது உறுதி கொடுத்தால், அந்த உறுதிக்கு ஆதாரம் கேளுங்கள்.

ரோபோவால் தனியாக வரும் ஆபத்து உண்டா?

உண்டு, அரிதாக. டிராக்கர் மாட்டிய துளைகளின் வழியே எலும்பு முறியலாம். பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்து சில வாரங்கள் கழித்து, நோயாளி நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகு நடக்கும். முட்டி நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு மேலேயோ கீழேயோ, துளை போட்ட இடத்தில் புதிதாக வலி என்றால் பொறுத்துக்கொண்டு நடக்காதீர்கள். அன்றே போய் எக்ஸ்ரே எடுங்கள். துளை போட்ட இடத்தில் சீழ் பிடிப்பதும் அபூர்வமாக நடக்கும்.

கிருமித் தொற்று, காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது, மூட்டு இறுகுவது ஆகிய வழக்கமான ஆபத்துகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் புகைபிடிக்கிறவருக்கும் எந்த ரோபோவும் தொற்றிலிருந்து பாதுகாப்பு தராது.

நடுவில் இயந்திரம் நின்றுவிட்டால்?

வழக்கமான கருவிகள் எப்போதும் தயாராகப் பக்கத்தில் இருக்கும். அவற்றை எடுத்து ஆபரேஷனை முடித்துவிடுவோம். இதனால்தான் பழைய முறையில் நன்றாகக் கைபழகிய ஒருவர் ரோபோவை இயக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

நேரம் கூடுமா?

ஆரம்பக் காலத்தில் கூடும். டிராக்கர் மாட்டவும் பதிவு செய்யவும் ஆகும் நேரம் அது. குழு பழகப் பழகக் குறைந்து, வழக்கமான நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

சி.டி. ஸ்கேன் கட்டாயமா?

கருவியைப் பொறுத்தது. சிலவற்றுக்கு முன்கூட்டியே சி.டி. எடுத்து உங்கள் எலும்பின் முப்பரிமாண மாதிரியை உருவாக்க வேண்டும். சிலவற்றுக்கு எக்ஸ்ரே போதும். சிலவற்றுக்குப் படமே வேண்டாம், தியேட்டரில் எலும்பைத் தொட்டே வரைபடம் எழுதிக்கொள்ளும். சி.டி.யில் கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. இந்த வயதில், இந்தக் காரணத்துக்காக, ஒருமுறை எடுப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

பகுதி மூட்டு மாற்றுக்கும் ரோபோ உண்டா?

உண்டு. சொல்லப்போனால் ரோபோவின் பலன் தெளிவாகத் தெரிவது அங்கேதான் என்பேன். முட்டியின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, மற்றப் பகுதியும் தசைநார்களும் நன்றாக இருந்தால், தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றலாம். சின்ன இடம், சின்ன இம்பிளான்ட், பிசகினால் பாதிப்பு அதிகம். இதில் நன்றாகக் கைபழகாத சர்ஜன்கள் இதைத் தவிர்ப்பார்கள். திரையில் பச்சையாகத் தெரியும் எலும்பைச் சுழலும் முனையால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து எடுக்க, பச்சை மறைந்து வெள்ளை வரும்போது நிறுத்த வேண்டும். ஆழம் கூடினால் சிவப்பு காட்டும். இந்தக் கட்டுப்பாடு இருப்பதால், பகுதி மாற்றுக்குத் தகுதியான நோயாளிக்கு முழு மூட்டையும் எடுத்துவிடும் நிலை குறையும். முழு மாற்றை விடப் பகுதி மாற்றுக்கு மறு அறுவை அதிகம் தேவைப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 2019 ஆய்விலேயே 25 வருடக் கணக்கு பகுதி மாற்றுக்கு சுமார் 70 சதவீதம்தான்.

யாருக்கு ரோபோ ஒத்துவராது?

இடுப்பு மூட்டு அசையவே முடியாமல் இறுகிப்போனவர்களுக்குச் சிக்கல், ஏனென்றால் காலைச் சுழற்றி மையத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை. எலும்பு மிகவும் மெலிந்து ஊசிக்கம்பி பிடிக்காதவர்களுக்கும், மூட்டில் கிருமித் தொற்று இருப்பவர்களுக்கும் வேண்டாம் என்போம். பழைய முறிவால் தொடை எலும்பு கோணியவர்களுக்கும், உள்ளே கம்பி இருப்பவர்களுக்கும் இது மிகவும் கைகொடுக்கும்.

என் டாக்டரிடம் ரோபோ இல்லை. வேறு இடத்துக்குப் போகவா?

அவர் மூட்டு மாற்றை அடிக்கடி செய்கிறவரா, அவருடைய நோயாளிகள் எப்படி நடக்கிறார்கள், தொற்று எத்தனை பேருக்கு வந்தது என்று முதலில் பாருங்கள். இவற்றுக்கு நல்ல பதில் கிடைத்தால் அங்கேயே இருங்கள். வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் செய்யும் கையைவிட்டு, புதிதாக வாங்கிய இயந்திரத்தை நம்பிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். என் அம்மாவுக்குச் செய்ய வேண்டியிருந்தாலும் கருவியை விசாரிப்பதற்கு முன்பு ஆளைத்தான் விசாரிப்பேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் செய்ய வேண்டியது என்ன?

காலை முழுதாக நீட்டப் பழகுவதுதான் முதல் வேலை. மடக்குவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நீட்டுவதைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். முட்டிக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்தால் சுகமாக இருக்கும், ஆனால் மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். தலையணையைக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். முட்டி தானாகக் கீழே இறங்கும். வலிக்கும். தினமும் பல தடவை, சில நிமிடம் அப்படி வைத்துத் தொடைத் தசையை இறுக்கிப் பழகுங்கள். அரை மில்லிமீட்டர் துல்லியமாக வைத்த மூட்டுகூட, பயிற்சி இல்லாத ஆறு வாரத்தில் விறைத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். அப்படி வந்து நின்ற ஒரு பெரியவரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எக்ஸ்ரேயில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அவரால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. வலி குறைந்த பிறகு பயிற்சி செய்யலாம் என்று அவர் காத்திருந்தார். வலி மாத்திரையைச் சரியான நேரத்தில் போட்டுக்கொண்டு பயிற்சி செய்யுங்கள் என்று அவரிடம் நாங்கள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்முன் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

தையலுக்கு வெளிப்பக்கம் மரத்துப்போயிருக்கிறது, நடக்கும்போது உள்ளே சத்தம் வருகிறது. பயப்பட வேண்டுமா?

தோலில் ஓடும் சிறு நரம்புக் கிளை தையல் கோட்டைக் கடந்து போகிறது. தோலைத் திறக்கும்போது அது அறுபடுவதைத் தவிர்க்க முடியாது. மரத்த இடம் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வரும், ஒரு சின்ன இடம் நிரந்தரமாகவும் நிற்கலாம். 'டக் டக்' என்ற சத்தம் உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்வதால் வருவது. வலியோ வீக்கமோ இல்லாமல் வெறும் சத்தம் என்றால் விட்டுவிடுங்கள். முட்டி சூடாகி, சிவந்து, தையலில் கசிவோ காய்ச்சலோ இருந்தால், கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், மூச்சுத் திணறினால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே வந்துவிடுங்கள். இரவு எந்த நேரமானாலும் சரி.